குளக்கட்டுக்குக் கீழே இருப்பவர்கள் யார்?



கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரு குளத்துக்கோ, மண் கட்டுக்கோ, அமுணைக்கோ கீழே வீடு, கடை, வயல், பாடசாலை உள்ளவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

டித்வா வந்து போன பிறகு கண்டியில் எங்கே நாலு பேர் கூடினாலும் மலையைப் பற்றித்தான் பேச்சு. நியாயம்தான். 2025 நவம்பர் இறுதியில் நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மாவட்டங்களில் அதிக இழப்பு நம் கண்டியில்தான். பெரும்பாலும் மண்சரிவு. இன்று மழை இருட்டினாலே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண் திட்டைத் திரும்பிப் பார்க்கிறோம். ஆனால் அதே நாட்களில் திருகோணமலைப் பக்கம் மாவிலாற்றில் கட்டு உடைந்து, கீழே இருந்த மக்களை மீட்க வேண்டி வந்ததைக் கண்டியில் பலர் கவனிக்கவில்லை. நம் துக்கமே நமக்குப் பெரிதாக இருந்தது.

மலை மண் என்றால், குளக்கட்டும் மண்தான். மலையை அல்லாஹ் நட்டு வைத்தான். குளக்கட்டை மனிதன் கொட்டி இறுக்கினான். இரண்டில் எதை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

"சின்னக் குளம்தானே, என்ன ஆகப் போகிறது" என்று சொல்பவர்களுக்கு முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் பரப்பு, சராசரியாக இரண்டு மீட்டர் ஆழம். இதைப் பெரிய குளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதில் இருக்கும் தண்ணீர் சுமார் 8,000 கன மீட்டர். எடை 8,000 தொன். 10,000 லீற்றர் பவுசர் 800 வண்டி. இந்த 800 பவுசரும் ஒரே ஒழுங்கையில், ஒரே நேரத்தில், இரவில் இறங்கி வந்தால் எப்படி இருக்கும்? இதுதான் "சின்னக் குளம்".

நம் நாட்டில் இப்படி நடந்ததில்லையா? நடந்தது. 1986 ஏப்ரல் 20, அதிகாலை மூன்று மணியளவில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. 120க்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். 1,600க்கு மேல் வீடுகள், 2,000 ஏக்கர் வயல் அழிந்தன. 8,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. கட்டின் மேல் பாரமான வாகனங்கள் ஓடியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நூற்றாண்டுகளாக நின்ற அரசர் காலத்துக் குளம் அது. பழையது என்பதால் உறுதியானது என்று நம்பக்கூடாது என்பதற்குக் கந்தளாய் போதும். அந்த நேரத்தையும் கவனியுங்கள். மூன்று மணி. எல்லோரும் நித்திரை.

இன்னும் கிட்டத்தில் 2023 செப்டம்பர். லிபியாவின் டெர்னா நகரம். மேலே இரண்டு அணைகள், 1970களில் கட்டியவை. புயல் மழை. மேல் அணை உடைந்து, அந்தத் தண்ணீர் கீழ் அணையை உடைத்து, நகரத்தையே கடலுக்குத் தள்ளியது. அதுவும் இரவில்தான். ஆயிரக்கணக்கானோர் போனார்கள். பராமரிப்பு இல்லாவிட்டால் ஆபத்து என்று முந்தைய வருடமே ஒரு நீரியல் அறிஞர் எழுதியிருந்தார். எழுதியதை வாசித்து வேலை செய்ய ஆள் இல்லை. பிறகு அதிகாரிகள் 12 பேருக்குச் சிறை. சிறைத் தண்டனை யாரையும் திருப்பிக் கொண்டு வராது.

சூரா ஸபஃ நாம் எல்லோரும் ஓதும் சூரா. அதில் வரும் ஸைலுல் அரிம் எதனால் வந்த வெள்ளம் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? யெமனின் மஃரிப் அணை. பாசனத்துக்காகப் பள்ளத்தாக்கின் குறுக்கே எழுப்பிய மண் அணை. இரண்டு கரையிலும் அது வளர்த்த தோட்டங்களைத்தான் குர்ஆன் நினைவூட்டுகிறது. அந்த அணை ஒரே நாளில் போய்விடவில்லை. பல தடவை உடைந்து பல தடவை திருத்தப்பட்டது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் திருத்தியதற்குக் கல்வெட்டு உண்டு. 6ஆம் நூற்றாண்டில் திருத்தியவன் ஆப்ரஹா, யானைப் படை விஷயத்தில் நாம் அறிந்த அதே ஆப்ரஹா. 548ஆம் வருடக் கல்வெட்டில் வேலையாட்களுக்குக் கொடுத்த மாவுக்கும் பேரீச்சம்பழத்துக்கும்கூடக் கணக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு சில பத்து வருடங்களில் கடைசி உடைப்பு. அதன் பின் திருத்த யாரும் இல்லை. மக்கள் ஊரை விட்டுப் பரவினார்கள்.

தஃப்ஸீர்களில் அந்த அணையை எலி துளைத்ததாக ஒரு செய்தி வரும். சிலர் அதைக் கதை என்று சிரிப்பார்கள். எந்த நீர்ப்பாசன உத்தியோகத்தரையும் கேட்டுப் பாருங்கள், சிரிக்க மாட்டார். எலி வளை, உடும்பு வளை, கறையான் புற்று, செத்து உக்கிப்போன மரவேர். மண் கட்டுக்குள் தண்ணீருக்கு வழி காட்டுபவை இவைதான்.

மண் கட்டு எப்படி உடைகிறது என்று எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெரிய படிப்புத் தேவையில்லை. முக்கியமாக மூன்று வழி.

ஒன்று, தண்ணீர் கட்டின் தலைக்கு மேலால் பாய்வது. கொங்கிரீட் அணை இதைக் கொஞ்ச நேரம் தாங்கும். மண் தாங்காது. மேலால் பாயும் தண்ணீர் கீழ்ச் சரிவை அரித்து, சின்ன வாய்க்காலாகத் தொடங்கி, சில மணித்தியாலத்தில் கட்டையே அறுத்துவிடும். இதைத் தடுக்கத்தான் வான் வைத்திருக்கிறார்கள். வானில் மரக்கட்டை, சல்வீனியா, பொலித்தீன் அடைத்திருந்தால் தண்ணீர் கட்டின் மேலேதான் வரும். இதைவிட மோசம், "இன்னும் ஒரு அடி தண்ணீர் நிற்கட்டும், சிறுபோகத்துக்கு ஆகும்" என்று வானில் மண் மூட்டை அடுக்குவது. அந்த ஒரு அடி கீழே இருப்பவனின் உயிரில் இருந்து எடுத்த ஒரு அடி.

இரண்டு, கட்டுக்குள்ளால் கசிவது. எல்லா மண் கட்டும் கொஞ்சம் கசியும். கசிவு தெளிந்த தண்ணீராக, ஒரே அளவில் இருந்தால் அதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். கலங்கலாக வந்தால் கட்டின் மண் உள்ளே இருந்து கழுவிப் போகிறது என்று பொருள். அப்போது காத்திருக்க நேரமில்லை. 1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் ஐடஹோவில் டீட்டன் அணையில் காலையில் கலங்கல் கசிவு கண்டார்கள். நண்பகலுக்குள் அணை போய்விட்டது. புத்தம்புதிய, பெரிய, பொறியியலாளர்கள் கூடவே நின்ற அணை அது. கசிவு அதிகம் தொடங்கும் இடம் துருசுக் குழாயின் பக்கவாட்டு. ஆகவே துருசு வெளிவாயில்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம்.

மூன்று, சரிவு வழுகி விழுவது. கட்டின் மேல் டிப்பரும் டிரக்டரும் ஓடுவது, அடியில் மண் வெட்டி எடுப்பது, நிறைந்த குளத்தை ஒரேயடியாகத் திறந்து வற்ற விடுவது, எல்லாம் இதில் கொண்டுபோய் விடும். கட்டின் மேல் நீளவாக்கில் வெடிப்பு, ஓரிடம் மட்டும் பதிந்து பள்ளமாவது, வளர்ந்த மரம் ஒரு பக்கம் சாய்வது, இவை அடையாளங்கள்.

இதெல்லாம் முன்னோருக்குத் தெரியாத விஷயமில்லை. வயல் உள்ளவன் தன் வயலின் அளவுக்கு ஏற்பக் கட்டில் இத்தனை முழம் என்று பங்கு எடுத்துத் திருத்துவான். அது அவன் கடமை. 1832இல் ராஜகாரிய முறையை வெள்ளைக்காரன் ஒழித்தான். கட்டாய உழைப்பு ஒழிந்தது நல்லதுதான். ஆனால் குளத்தைப் பார்க்கும் ஒழுங்கும் அதோடு போனது. அந்தத் தவறு விளங்கியதால்தான் 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் கொண்டு வந்து கிராம வழக்கத்துக்கு மறுபடி உயிர் கொடுக்கப் பார்த்தார்கள்.

இன்றைய ஒழுங்கு என்ன? ஒரு குளமோ அமுணையோ 80 ஹெக்டேயருக்கு, அதாவது சுமார் 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணீர் கொடுத்தால் அது சிறிய நீர்ப்பாசனம். கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி கமக்காரர் அமைப்பு அதனோடு சேர்ந்து பராமரிக்கிறது. அதற்கு மேலே போனால் மத்திய அல்லது மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம். மகாவலி வலயம் என்றால் மகாவலி அதிகார சபை.

இந்த இடத்தில்தான் எங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு முழுக்க ஏக்கரை எண்ணுகிறது. கீழே இருக்கும் மனிதரை எண்ணவில்லை.

முன்பு இது பொருந்தியது. கட்டுக்குக் கீழே வயல், வயல்காரனே கட்டின் சொந்தக்காரன். கட்டு உடைந்தால் முதலில் போவது அவன் விளைச்சல். ஆகவே இரவு மழையிலும் மண்வெட்டியோடு போவான். இன்று கண்டியைச் சுற்றிப் பாருங்கள். ஹாரிஸ்பத்துவ, யட்டிநுவர, உடுநுவர எங்கும் பள்ளத்து வயல்கள் நிரப்பப்பட்டு வீடாகவும் கடையாகவும் மாறிவிட்டன. வயல் குறைந்தால் கமக்காரர் அமைப்பில் ஆளும் குறையும். கூட்டத்துக்கு வருபவர் எல்லோரும் வயதானவர்கள். அதே நேரம் கட்டுக்குக் கீழே குடியிருப்போர் பல மடங்கு கூடிவிட்டார்கள். கட்டால் பயன் பெறுபவர் குறைந்து, கட்டு உடைந்தால் சாகக்கூடியவர் கூடிவிட்டார். ஆனால் கீழ் வீட்டுக்காரர் அமைப்பில் உறுப்பினர் இல்லை. அவருக்கு வயல் இல்லையே!

சட்டப்படி கட்டு சிறியது, ஆபத்து பெரியது. அமெரிக்கா போன்ற நாடுகளில் அணையின் உயரம் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பதில்லை. உடைந்தால் கீழே யார் சாவார்கள் என்று பார்த்து வகைப்படுத்துகிறார்கள். சின்ன அணைக்குக் கீழே பாடசாலை இருந்தால் அது உயர் ஆபத்து அணை. ஆனால் சர்வதேச அளவில் "பெரிய அணை" என்றால் பொதுவாக 15 மீட்டருக்கு மேல். இந்தியா 2021இல் கொண்டு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டமும் பெரும்பாலும் அந்த அளவைத்தான் வைத்திருக்கிறது. நம் நாட்டில் 2008இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டமும் முதன்மையாகப் பெரிய அணைகளைப் பார்த்தது. விக்டோரியாவுக்குக் கருவி இருக்கிறது, பொறியியலாளர் இருக்கிறார். அது வேண்டியதுதான். ஆனால் நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குளங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு இருப்பது ஒரு வட்டவிதானையின் கண் மட்டும்.

சிறு குளம் தனியாகவும் இருப்பதில்லை. வரண்ட வலயத்தில் ஒன்றின் வான் தண்ணீர் மற்றதில் விழும்படி வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். எல்லங்காவ என்று சொல்வது இதைத்தான். 2017இல் உலக உணவு விவசாய நிறுவனமே இதை விவசாய மரபுரிமையாக ஏற்றது. பெருமைதான். ஆனால் மேல் குளம் உடைந்தால் கீழ்க் குளமும் வரிசையாகப் போகும். டெர்னாவில் நடந்தது அதுதான்.

நாம் தினமும் கடந்து போகும் கண்டி வாவியையும் கொஞ்சம் வேறு கண்ணால் பாருங்கள். 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் திகொல் வெல என்ற வயல்வெளியை மண் கட்டால் மறித்து உண்டாக்கியது. அலங்கார மதிலைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். மேலதிகத் தண்ணீர் மெத எல வழியாக நகரத்தின் நடுவால் ஓடி மகாவலியில் சேர்கிறது. அந்த எலயில் சாப்பாட்டுப் பெட்டியும் பொலித்தீனும் போடுபவர்கள் அனுராதபுரத்தில் இருந்து வரவில்லை. நாங்கள்தான்.

இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அக்குறணையில் வெள்ளம் வரும்போதெல்லாம் பிங்கா ஓயாவைத் திட்டுகிறோம். ஆறு தன் இடத்தில்தான் போகிறது. ஆற்றின் இடத்துக்கு நாங்கள் போனோம். கரையை ஒட்டி ஒட்டிக் கட்டி அதன் கழுத்தை நெரித்தோம். வானுக்குக் கீழே தண்ணீர் போகும் வழியும் அப்படித்தான். "இது வெறும் கான்தானே" என்று மதில் கட்டுகிறோம், அதன் மேல் ஸ்லாப் போட்டு வாகனம் நிறுத்துகிறோம். பத்து வருடத்தில் ஒரு நாள் அந்தக் கான் ஆறாகும். அந்த ஒரு நாளுக்காகத்தான் பழையவர்கள் அதை விட்டு வைத்தார்கள்.

கப்பலின் மேல் தட்டில் சிலரும் கீழ்த் தட்டில் சிலரும் இருந்த ஹதீஸ் நமக்குத் தெரியும். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காகத் துளை போடப் போகிறார்கள். "அவர்கள் பக்கம்தானே" என்று மேலே இருப்பவர்கள் சும்மா இருந்தால் எல்லோரும் மூழ்குவார்கள். குளக்கட்டு விஷயத்தில் இந்தப் பாடம் அப்படியே பொருந்துகிறது.

"காசில்லை, அரசாங்கத்திடம் சொல்லி என்ன பயன்" என்பார்கள். கட்டைப் புதிதாகக் கட்டக் காசு வேண்டும், உண்மை. ஆனால் வானை அடைத்திருக்கும் மரக்கட்டையை எடுக்க எவ்வளவு காசு? துருசு வாயில் கலங்கல் வருகிறதா என்று பார்க்க எவ்வளவு? கட்டில் புல்லை வெட்டி வைத்தால்தான் வளையும் வெடிப்பும் கண்ணுக்குத் தெரியும். அதற்கு ஒரு நாள் சிரமதானம் போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை: பெரிய மரத்தை வேரோடு பிடுங்குவது, பெக்கோ கொண்டு வந்து கட்டைத் தோண்டுவது போன்றவற்றை உத்தியோகத்தர் இல்லாமல் செய்யக்கூடாது. நல்லது செய்யப் போய்க் கட்டை உடைத்தவர்களாகிவிடக் கூடாது.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

1. உங்களுக்கு மேலே இருக்கும் குளம் அல்லது கட்டு எந்த அலுவலகத்துக்குச் சொந்தம் என்று இந்த மாதத்துக்குள் கண்டுபிடியுங்கள். கமநல சேவை நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். அவர்களுடையது இல்லை என்றால் யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். "எங்களுடையது இல்லை" என்று மூன்று அலுவலகம் சொன்னால், அதைத்தான் முதலில் பிரதேச செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

2. கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், என்ன எழுதினார்கள் என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சண்டைக்குப் போவது போல எழுத வேண்டாம். மரியாதையாக, ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.

3. கமக்காரர் அமைப்பின் ஆரம்பக் கூட்டத்துக்குக் கீழ் வீடுகளில் இருந்து இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். வயல் இல்லாவிட்டாலும் உட்காரட்டும். மழைக்கு முன் ஒரு தடவை உத்தியோகத்தரோடு கட்டின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை நடந்து பாருங்கள்.

4. மாதம் ஒரு தடவை அதே இடத்தில் நின்று போட்டோ எடுங்கள்: வான், துருசு வெளிவாய், கட்டின் மேல் பக்கம், கீழ்ச் சரிவு. ஆறு மாதப் போட்டோவைப் பக்கத்தில் வைத்தால் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

5. இரவு மூன்று மணிக்கு யார் யாருக்குச் சொல்வது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பள்ளிவாசலில் ஒலிபெருக்கி இருக்கிறது. பன்சலையில் இருக்கிறது. கோவிலில் மணி இருக்கிறது. மூன்று நிர்வாகத்தினரும் ஒரு நாள் உட்கார்ந்து, இந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் மேட்டுக்கு ஏறுவது என்று பேசிக்கொள்ளுங்கள். எந்த மேடு, எந்த வழி, நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது என்றும் பேசுங்கள். தண்ணீர் வரும்போது சிங்கள வீடு, தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று பார்த்து வருவதில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

6. அரசாங்கத்திடம் ஒரே ஒரு கோரிக்கை. சிறு குளங்களை ஏக்கரைக் கொண்டு மட்டும் வகைப்படுத்தாதீர்கள். கீழே எத்தனை வீடு, பாடசாலை, ஆஸ்பத்திரி இருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையின் வரிசையில் பரிசோதனைக்கு ஆளையும் காசையும் அனுப்புங்கள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு பலகை வையுங்கள்: பெயர், பொறுப்பான அலுவலகம், தொலைபேசி இலக்கம், கடைசியாகப் பரிசோதித்த திகதி. மூன்று மொழியிலும்.

ஆசிரியர்களாக எங்கள் பங்கு ஒன்று இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் பராக்கிரமபாகுவின் குளங்களையும் பிசோகொட்டுவவையும் மனனம் செய்ய வைக்கிறோம். பரீட்சையில் பிள்ளைகள் சரியாக எழுதுகிறார்கள். தன் ஊர்க் குளத்தின் வான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. அதே பாடத்தின்போது ஒரு தடவை பாதுகாப்பாகக் கூட்டிப் போய்க் காட்டலாம். தெளிந்த கசிவு, கலங்கல் கசிவு, இந்த இரண்டின் வித்தியாசம் தெரிந்த ஒரு பிள்ளை ஒரு ஊரைக் காப்பாற்றலாம்.

கொமென்டில் "ஆமீன்" மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் ஊருக்கு மேலே இருக்கும் கட்டின் பெயரையும், அது எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். தெரியாது என்றால் "தெரியாது" என்றே எழுதுங்கள். எத்தனை "தெரியாது" வருகிறது என்று எல்லோரும் சேர்ந்து எண்ணிப் பார்ப்போம். அந்தப் பட்டியலைத்தான் கமநல சேவை நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொண்டு போகப் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.

டித்வாவில் போனவர்களுக்கும் கந்தளாயில் போனவர்களுக்கும் இறைவன் அருள் புரியட்டும். இருப்பவர்களைப் பாதுகாக்கும் பொறுப்பை உணர நமக்குத் தௌஃபீக் தரட்டும்.

வஸ்ஸலாம்.